இருபது ஓட்டும் ஒரு வேனும்

என் முழங்கால் வலி அப்படியொன்றும் பிரசித்தி பெற்ற வலியன்று. எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும், என் தர்மபத்தினியும், எதிர்வீட்டுச் சொல்தாவும் தவிர வேறு எவரும் அதைக் குறித்துக் கவலைப்பட்டதாக நான் அறியேன். அப்படியிருக்க, சென்ற வாரம் ஒருநாள் காலையில், நான்கு கார்களும் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களும் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நிற்க, அவற்றில் முதலாவது காரிலிருந்து வெள்ளை வேட்டியும் கைநிறைய மோதிரமுமாக இறங்கிய ஒரு பிரமுகர், நேரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, இரு கரமும் கூப்பி, "ஐயா, முட்டி வலி இப்ப தேவலைங்களா?" என்று உருக்கமாக விசாரித்தபோது, தேர்தல் கமிஷனின் அறிவிப்புக்குக் காத்திராமலே, சட்டசபைத் தேர்தல் சமீபித்துவிட்டது என்று நான் நிச்சயம் செய்துகொண்டேன்.

வெளியூர் வாசகர்களின் பொருட்டு எங்கள் பிரதேசத்தின் விசித்திரத்தைச் சிறிது சொல்லவேண்டும். காரைக்காலுக்கு வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கேயும் அதுவே, கிழக்கே மட்டும், யாருக்கும் ஓட்டுப் போடாத வங்காள விரிகுடா. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் தேதி அவர்கள் கையைவிட்டுப் போய், 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த எங்களுக்குத் தலைநகரம், சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரி. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலத்தின் ஊர்களையெல்லாம் தரிசித்துக்கொண்டே போய்த்தான் எங்கள் சர்க்காரை நாங்கள் தரிசிக்க முடியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் இந்தத் தூரம் அதிசயமாகச் சுருங்கிவிடுகிறது. சர்க்காரே கார் ஏறி வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் கேட்கிறது.

முப்பது ஸ்தானங்கள் உள்ள சட்டசபையில் எங்கள் பங்கு ஐந்து: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருப்பட்டினம். முன்பு ஆறாக இருந்தது. தொகுதி மறுசீரமைப்பு என்ற சுபகாரியத்தில் கோட்டுச்சேரி என்ற பெயர் காணாமற்போய் ஐந்தாயிற்று. இவற்றைத் தவிர, எவரிடமும் கைகூப்பாமல், எவருடைய முழங்காலையும் விசாரிக்காமல், மத்திய சர்க்காரின் நியமனத்தினாலேயே சபைக்குள் வந்து அமர்கிற பாக்கியசாலிகள் மூவர் உண்டு. அது செல்லும் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டபடியால், வெயிலில் அலைகிற அபேட்சகர்கள் அந்த மூவரை நினைத்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சம் வாக்காளர்; எங்களுக்கோ முப்பதாயிரத்துக்கு அக்கம்பக்கம். ஆகையால் அங்கே ஓட்டர் என்பவர் கடலில் ஒரு துளி. இங்கே அவர் பெயர், தகப்பனார் பெயர், உடம்புக்கு என்ன என்பது ஈறாக அபேட்சகருக்கு மனப்பாடம். எங்கள் எம்.எல்.ஏ.க்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், காதுகுத்துக்கு வருவார்கள், சாவுக்கு மாலையோடு வருவார்கள். அதோடு சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அவர்களே வரவேண்டியிருக்கிறது. ஏனென்றால் சாக்கடையைக் கவனிக்கவேண்டிய நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் 1968இல் ஒரு தேர்தல் நடந்தது; பிறகு முப்பத்தெட்டு வருஷம் ஓய்வெடுத்துக்கொண்டு 2006இல் ஒரு தேர்தல் நடந்தது; அவ்வளவுதான். அந்தக் கவுன்சிலர்கள் 2011இல் வீட்டுக்குப் போனபின், எங்கள் வீதிக்கென்று ஒரு பிரதிநிதி இல்லை. சட்டம் இயற்றப் போகிற மனிதரைப் பிடித்துச் சாக்கடை குத்தச் சொல்லும் துர்ப்பாக்கியம் இதனால் எங்களுக்கும், அதைச் செய்யும் துர்ப்பாக்கியம் அவர்களுக்கும் வாய்த்திருக்கிறது.

கட்சிகளின் விவகாரத்துக்கு வருவோம். எங்கள் பிரதேசத்தில் காங்கிரஸ் இரண்டு. ஒன்று, கை சின்னத்தோடு நூற்றாண்டு கடந்து நிற்கும் பழைய காங்கிரஸ். மற்றொன்று, அதிலிருந்து வெளியேறிய ரங்கசாமி அவர்கள் 2011இல் ஸ்தாபித்த என்.ஆர். காங்கிரஸ், இதன் சின்னம் ஜக்கு. என்.ஆர். என்பதற்கு நமது ராஜ்ஜியம் என்று பொருள் சொல்கிறார்கள். ஸ்தாபகரின் பெயரும் என். ரங்கசாமி என்று அமைந்தது தெய்வச் செயல். காரைக்கால் வடக்கில் இருக்கும் என் அத்தை, நேரு காலத்து விசுவாசத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறவள். 2021இல் அந்தத் தொகுதியில் இரண்டு காங்கிரசும் நேருக்கு நேர் மோதின. வாக்குச்சாவடியிலிருந்து திரும்பியவளை, "யாருக்கு அத்தை போட்டீங்க?" என்று கேட்டேன்.

"காங்கிரசுக்குத்தாம்ப்பா."

"எந்தக் காங்கிரசுக்கு?"

"ரெண்டு பேருமே காங்கிரசுன்னு சொல்லிக்கிட்டுத்தானே வந்தாங்க? கைக்கு எட்டினதை அழுத்திட்டு வந்துட்டேன்."

அவள் கையை அழுத்தினாளா, கைக்கு எட்டிய ஜக்கை அழுத்தினாளா என்பது இன்றுவரை தேர்தல் கமிஷனுக்கும் தெரியாத ரகசியம்.

கூட்டணி சாஸ்திரம் இதைவிடக் கடினமானது. 2011இல் என்.ஆர். காங்கிரசும் அண்ணா தி.மு.க.வும் தோளோடு தோள் நின்று ஜெயித்தன. ஜெயித்த கையோடு முன்னது, ஒரு சுயேச்சையின் துணையே போதும் என்று பின்னதை வாசலிலேயே நிறுத்திவிட்டு மந்திரிசபை அமைத்தது. பிற்பாடு இரண்டும் ஒரே பந்தியில் மீண்டும் இலை போட்டுக்கொண்டன. இந்தப் பக்கம் காங்கிரசும் தி.மு.க.வும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும், வீட்டுக்கு மூத்தவர் யார் என்ற வியாஜ்யம் ஒவ்வொரு தேர்தலிலும் புதுப்பிக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, நடிகர் விஜய் அவர்களின் தமிழக வெற்றிக் கழகமும் 2025 டிசம்பரில் புதுச்சேரியில் பொதுக்கூட்டம் போட்டுவிட்டது. பெயரிலேயே தமிழகத்தை வைத்துக்கொண்டிருக்கும் கட்சிக்கு, தமிழகத்தில் சேராத நாங்கள் எந்த முகாந்தரத்தில் ஓட்டுப் போடுவது என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் எழுப்பிய சட்டப் பிரச்னைக்கு இன்னும் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

கட்சி மாறுவதைப் பற்றி எங்களுக்குப் பெரிய விரோதமில்லை. திருநள்ளாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படி விரோதம் பாராட்டுவதும் நியாயமாகாது. சனீசுவர பகவானே இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை ராசி மாறுகிறவர். அதிலும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போய்விட்டவர், எங்கள் கோவில் அனுசரிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் போகிறார். ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் இருப்பதாகக் கிரகத்துக்கே இரண்டு கட்சி இருக்கும்போது, சாமானிய எம்.எல்.ஏ. எந்த வீட்டில் இருக்கிறார் என்று கண்டிப்பாகக் கேட்பது தகுமா? நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவது சாதாரண ஜனங்களின் வழக்கம். எங்கள் அரசியல்வாதிகளில் சிலர் தோளில் கிடந்த துண்டை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, கரைவேறான துண்டோடு கரையேறுகிறார்கள்.

எங்கள் ஊரார் ஆட்சிப்பீடம் ஏறாதவர்களும் அல்லர். அண்ணா தி.மு.க. முதன்முதலாக ஒரு மந்திரிசபை அமைத்தது சென்னையில் அன்று. 1974 மார்ச்சில் புதுச்சேரியில். அதற்கு முதல்வரானவர் எங்கள் காரைக்கால்காரராகிய எஸ். ராமசாமி. மார்ச் ஆறாம் தேதி பதவியேற்ற அந்த அரசு, அந்த மாதச் சம்பளம் வாங்குமுன் கவிழ்ந்துவிட்டது என்பது வேறு சங்கதி.

எதிர்வீட்டுச் சொல்தாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. பிரெஞ்சு ராணுவத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்றே அழைப்பது வழக்கம். அவர் பிரெஞ்சுப் பிரஜை. எங்கள் தேர்தலில் அவருக்கு ஓட்டில்லை. ஆனால் அவர் சம்சாரமும் பிள்ளைகளும் இந்தியப் பிரஜைகளாகையால், அபேட்சகர்கள் அவர் காலிலும் தவறாமல் விழுகிறார்கள். 2022 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதித் தேர்தலுக்கு, காரைக்காலிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

"என்னங்க வாத்தியாரே, ஒருத்தர் வந்து ஒரு கும்பிடு போடலை. மக்ரோனும் வரலை, அவரை எதிர்த்து நின்ன அந்த அம்மாவும் வரலை. ஓட்டுக் கேக்காமலே ஓட்டுப் போடச் சொல்றது என்ன மரியாதைங்க?"

1871க்குப் பிறகு பாரிஸ் பார்லிமெண்டுக்கே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதேசம் எங்களுடையது. அந்தக் காலத்துத் தேர்தல்கள் அடிதடிக்கும் மோசடிக்கும் பேர்போனவை என்பார்கள். கும்பிடுக்கும் பேர்போனவையா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள்தாம் ஆராயவேண்டும்.

இத்தனையும் சொன்ன நான், என்னைப் பற்றிய ஒரு கெட்ட பெயரையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் என்னை "வேன் வாத்தியார்" என்று அழைப்பார்கள். நான் வேன் வைத்திருப்பவன் அல்லன். 2016 மே 16ஆம் தேதி வாக்குப்பதிவு. அன்று எல்லோருக்கும் விடுமுறை. எல்லோருக்கும் விடுமுறையாக ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம் என்று கருதி, என் தங்கை பேத்திக்கு வைத்தீஸ்வரன்கோவிலில் காது குத்துவதற்கு அந்த நாளையே குறித்துக் கொடுத்து, வேனும் பேசிக் கொடுத்த மேதாவி நான். மடிக் குழந்தைகளைக் கழித்துப் பார்த்தால் வேனில் ஏறியவர் 22 பேர். அத்தனை பேரும் காரைக்கால் தெற்குத் தொகுதி வாக்காளர். அதிகாலையில் புறப்பட்டு, மத்தியானத்துக்குள் திரும்பி, சாவகாசமாக ஓட்டுப் போடுவதாக உத்தேசம்.

குழந்தையின் தாய்மாமன் காதணியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததில் இரண்டு மணி நேரம் போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் சற்றுக் கண்ணயர்ந்ததில் ஒரு மணி நேரம் போயிற்று. திரும்பும் வழியில், "இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்காமல் போவதா?" என்று கேட்டது நான்தான். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தால், வேனின் பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மாற்றுச் சக்கரத்தை இறக்கினார்கள், அதிலும் காற்றில்லை. நாங்கள் நண்டலாற்றைக் கடந்து ஊருக்குள் நுழைந்தபோது, வாக்குச்சாவடி வாசலில் மூங்கில் தடுப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

22 ஓட்டினால் பூமி சாய்ந்துவிடப் போகிறதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் முடிவு வந்தது. காரைக்கால் தெற்கில் அண்ணா தி.மு.க. அபேட்சகர் தி.மு.க. அபேட்சகரை வென்றிருந்தார். வித்தியாசம், 20 வாக்குகள்.

அன்றுமுதல் இரண்டு கட்சிக்காரர்களும் என்னை ஒரு தினுசாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வென்றவர்கள், "நல்ல காரியம் பண்ணீங்க ஐயா" என்று தோளைத் தட்டினார்கள். தோற்றவர்கள், "அந்த வேன் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே போனார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாக் கட்சியும் உண்டு. 22 பேரும் வந்திருந்தால் வித்தியாசம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, மாறியிருக்குமா என்று பிரமதேவனுக்கே தெரியாது என்று நான் எவ்வளவோ வாதாடினேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் ஓட்டுப் போடாமல் உறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, சரித்திரத்தின் பாரம் முழுவதையும் அந்த ஒரு பின்சக்கரத்தின் மேலேயே ஏற்றிவிட்டார்கள்.

சென்ற வாரம் வந்த பிரமுகரிடம் திரும்புகிறேன். முழங்காலுக்குப் பிறகு சாலை, வேலைவாய்ப்பு, ஆஸ்பத்திரி என்று வரிசையாக வாக்குறுதிகளை எடுத்து வைத்தார். ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில், வீட்டு மாடிகளிலிருந்து பழங்களை வாரி இறைப்பது எங்கள் ஊர் மரபு. இந்தச் சட்டசபையின் ஆயுள் 2026 ஜூன் பாதியில் முடிகிறபடியால், இவ்வருஷம் பழத்துக்கு முன்னால் வாக்குறுதிகள் இறைபடுகின்றன என்று எண்ணிக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்:

"எல்லாம் சரி தம்பி, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் எப்ப வைப்பீங்க?"

காரைக்கால் அம்மையாரின் கணவன் கையில் வாங்கிய மாத்திரத்தில் மறைந்துபோன மாங்கனியின் கதை எல்லோரும் அறிந்ததே. பிரமுகர் அந்த மாங்கனியானார். நான்கு கார்களும் அடுத்த தெருவில் சத்தமிட்டன.

ஆனாலும் நான் ஓட்டுப் போடத்தான் போகிறேன். இருபது ஓட்டில் விதி தீர்மானமாகிற ஊரில் வேறு விதமாக நடந்துகொள்ள எனக்கு யோக்யதை இல்லை. வேன்காரரிடம் இப்பொழுதே சொல்லிவைத்துவிட்டேன். என் சொந்தப் பேத்திக்கும் காது குத்தவேண்டியிருக்கிறது. அது வாக்குப்பதிவுக்கு மறுநாள் நடக்கும்.