குதிரை முதலா, சிப்பாய் முதலா?

கே: செஸ் கிளப்பில் சேர்ந்த காலத்தில் உங்கள் ஓப்பனிங் எது? (கரூர் வாசகர்)

ப: ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்க, நாலாவது மூவில் மேட். அதை ஓப்பனிங் என்றால் கோச்சுகள் அடிக்க வருவார்கள். தெருவில் எல்லாரும் விழுந்தார்கள். கிளப்பில் ஒருவரும் விழவில்லை.

கே: அப்புறம் கிங்ஸ் காம்பிட் ஆடினீர்களாமே, ஏன் விட்டீர்கள்? (தென்காசி வாசகி)

ப: ராஜாவை ஒட்டிய சிப்பாயைத் தானம் கொடுத்துவிட்டு, அந்த ராஜாவையே காப்பாற்ற ஓடும் வேலை. இருபது வயதில் சுகம், நாற்பதில் ரத்த அழுத்தம். பாபி ஃபிஷர் 1960-இல் அர்ஜென்டினாவில் இதில்தான் ஸ்பாஸ்கியிடம் தோற்றார். மறு வருஷமே ‘இந்த காம்பிட் செத்தது’ என்று கட்டுரை எழுதினார். ஆனால் 1963-இல் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் குதிரைக்குப் பதில் பிஷப்பை நகர்த்தி, அதே காம்பிட்டில் இவான்ஸை ஜெயித்தார். மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட டாக்டரே கல்யாணம் நடத்தி வைத்த மாதிரி.

கே: சிசிலியன் டிராகன் மோகம் உங்களுக்கு எப்படி வந்தது? (சென்னை வாசகர்)

ப: கஸ்பரோவ் நம் ஆனந்தைத் தோற்கடித்த கடுப்பில் வந்தது. 1995, நியூயார்க், உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடி, உலகப் பட்டப் போட்டி. எட்டு டிராவுக்குப் பிறகு ஒன்பதாவது ஆட்டத்தில் நம்மாள் ஜெயித்தார். ஊரே துள்ளியது. பத்தாவதில் கஸ்பரோவ் யானையைத் தூக்கிக் கொடுத்து ஜெயித்தார், பதினொன்றில் டிராகனை அவிழ்த்துவிட்டார். பதின்மூன்றிலும் அதே டிராகன், அதே முடிவு. எதிரியின் ஆயுதம் நம் கைக்கு வரட்டுமே என்று கிளப்பில் பாதிப் பேர் ஜி6 தட்ட ஆரம்பித்தோம்.

டிராகனில் சிக்கல் எங்கே என்றால், வெள்ளை நீளப் பக்கம் கோட்டை கட்டிவிட்டு எச் சிப்பாயை நேராக ஓட்டிக்கொண்டு வரும். ஜி7-இல் காவல் நிற்கும் நம் பிஷப்பை எச்6-க்கு வந்து மாற்றிக்கொண்டால் காவல் போச்சு. அப்புறம் எச் வரிசை திறக்கும், யானை நுழையும். அதற்குள் நாம் சி வரிசையில் புகுந்திருக்க வேண்டும். ஒரு மூவ் பிந்தினாலும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போகலாம். இப்போதும் சொல்கிறேன், தோற்பதற்கு இதைவிட நல்ல ஓப்பனிங் கிடையாது.

கே: பெர்லின் டிஃபென்ஸ் பார்த்தால் தூக்கம் வருகிறதே? (ஈரோடு வாசகர்)

ப: நமக்கு வரும். 2000-இல் லண்டனில் கஸ்பரோவுக்குத் தூக்கம் போனது. கிராம்னிக்கின் பெர்லினை உடைக்க முடியாமல், ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தார்.

கே: கறுப்புக்கு ஃபிரெஞ்ச் நல்லதா, காரோ-கான் நல்லதா? (மதுரை வாசகி)

ப: ஃபிரெஞ்சில் சி8 பிஷப் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். காரோ-கானில் பெரும்பாலும் அதை முதலில் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தலாம். ஆனாலும் ஃபிரெஞ்சைக் கேவலமாக நினைக்காதீர்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே குகேஷைச் சாய்த்தது அதுதான்.

கே: இப்போது லண்டன் சிஸ்டமாம். சோம்பேறிகளின் ஓப்பனிங் அல்லவா? (வேலூர் வாசகர்)

ப: ஆமாம், அதனால்தான் ஆடுகிறேன். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3. எதிராளி என்ன செய்தாலும் முதல் ஏழெட்டு மூவுக்கு அவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். டிங் லிரன் 2023-இல் அஸ்தானாவில் இதை வைத்தே நெபோம்னியாச்சியின் ராஜாவை வலையில் பிடித்தார். உலகப் பட்டத்துக்கு ஆகும் சோம்பல் எனக்கு ஆகாதா?

கே: என் பத்து வயது மகன் கம்ப்யூட்டரைப் பார்த்து இருபது மூவ் ஒப்பிக்கிறான். (திருச்சி வாசகி)

ப: இருபத்தொன்றாவதைக் கேளுங்கள்.

கே: ஓப்பனிங்கே படிக்காமல் ஆட வழி உண்டா? (நெல்லை வாசகர்)

ப: உண்டு. பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட்டு ஆடும் ஆட்டத்தை ஃபிஷர் 1996-இல் அறிவித்தார். மொத்தம் 960 வரிசைகள். அதில் ஒன்று நம் பழைய வரிசையேதான். உங்கள் ராசிக்கு அதுதான் விழும், எதற்கும் கொஞ்சம் படித்து வையுங்கள்.