மொய் நோட்டில் ஒரு நாவல்

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவன் வீட்டில் முதலில் பறிபோவது கட்டிலுக்கு அடியிலுள்ள இடம்தான். எங்கள் வீட்டில் அந்த இடம் பரம்பரையாகப் பாக்கு மூட்டைக்குச் சொந்தம். சுவேத நதிக்கரைக் குடும்பம் ஒன்றைப் பற்றி நான் எழுதிய நாவல் அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கியதும் அம்மா கேட்டது, "இதுக்கு எலி வருமாடா?" வாசகர் வருவாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கேள்விதான் நடைமுறைக்கு ஒத்தது.

அப்பா குச்சிக்கிழங்கு போடுகிறவர். கெங்கவல்லிப் பக்கம் கிழங்கு லோடு ஆலைக்குப் போனால் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அவர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இது எத்தனை பாயிண்ட்டுடா வரும்?" என்றார். தமிழ் விமர்சகர்கள் யாருக்கும் இன்னும் கைவராத அளவுகோல். ஜவ்வரிசிக்காவது சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் இருக்கிறது. ஆலைக்காரர் மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டால் வியாபாரிகள் டெண்டர் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நாவல் மூட்டைக்கு அப்படி ஒரு கிடங்கு கட்டித் தர எந்த அரசுக்கும் தோன்றவில்லை. நூலக ஆணை வரும் என்று காத்திருக்கலாம். காத்திருக்கிறவர்கள் சேர்ந்தால் தனியாக ஒரு மாநாடே போடலாம்.

ஆகவே நானே விற்கக் கிளம்பினேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. "வாழ்த்துகள் மாமா, எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று பாதிப் பேர் எழுதினார்கள். எடுத்து வைத்தேன், வந்து வாங்கிக்கொண்டும் போனார்கள். விலை கேட்டவர் ஒரே ஒருவர். ஆத்தூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார்.

வெளியூர் வாசகருக்குத் தபாலில் அனுப்பலாம் என்றால், எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போது தபால் செலவைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மௌனம், பிறகு "கிண்டில்ல இருக்குங்களா?" என்ற கேள்வி. தமிழுக்குக் கிண்டில் கதவு 2016 டிசம்பரிலேயே திறந்தாயிற்று. அச்சடிக்கும் முன்னால் இதை யாராவது உங்களுக்குச் சொல்லவில்லையா என்று மனைவி கேட்டாள். சொன்னவளே அவள்தான்.

பேச்சு வளர்ந்தது. நான் பெரியவர்களைத் துணைக்கு அழைத்தேன். உ.வே.சாமிநாதையர்கூட 1887-ல் சீவக சிந்தாமணியைத் தாமே முயன்றுதான் வெளியிட்டார், ஊர் ஊராக ஆட்களிடம் கையொப்பம் வாங்கினார் என்றேன்.

"அவரு ஆளைப் பிடிச்சுட்டு அச்சடிச்சாருங்க. நீங்க அச்சடிச்சுட்டு ஆளைத் தேடுறீங்க."

சரி, பாரதி? 1920-ல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் எழுத்தையெல்லாம் 40 பகுதிகளாகப் போடப் போகிறேன், பகுதிக்கு 10,000 படி, பணம் கொடுத்து உதவுங்கள் என்று சுற்றறிக்கை விட்டவர். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போகிற வேகத்தில் தன் புத்தகம் போகும் என்று நம்பினார். பணம் திரளவில்லை, மறு வருஷம் அவரும் போய்விட்டார். அதற்கப்புறம் 1922-ல் பாரதி ஆச்ரமம் என்று பெயர் வைத்து அவர் பாட்டுகளை அச்சுக்குக் கொண்டுவந்தவர் செல்லம்மா.

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசியில பொண்டாட்டிதான் பொஸ்தகத்தைத் தூக்கிச் சுமந்திருக்கா. அந்தக் கணக்கு நோட்டை இப்படிக் கொடுங்க" என்றாள்.

கொடுத்தேன். முதல் தணிக்கையிலேயே தம்மம்பட்டிக் கல்யாணம் அகப்பட்டது. அங்கே நான் கவரில் பணம் வைப்பதற்குப் பதிலாக மணமக்கள் பெயர் எழுதிக் கையெழுத்திட்ட நாவலை நீட்டியிருந்தேன். மொய் எழுதுகிறவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கெங்கவல்லி... பொஸ்தகம், ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். அவர்கள் நமக்கு ஐந்நூறு வைத்தவர்களாம். வாங்கிய மொய்யைத் திருப்பாதவன் வீட்டில் நாளைக்கு யார் வந்து நிற்பார்கள் என்று அன்று இரவு சாப்பாடு முடியும்வரை விசாரணை நடந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் முறை தெரிந்தவர்கள். எங்கள் மகள் சீருக்கு வந்தார்கள், கவரை நீட்டினார்கள். உள்ளே என் நாவல், மேலே ஒரு பத்து ரூபாய். வாங்கியதோடு கூட்டி வைப்பதுதானே வழக்கம். முதல் பக்கத்தில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. மணமக்கள் பெயரை மட்டும் அடித்துவிட்டு என் மகள் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் படியை மனைவி தூக்கிப்போடவில்லை. மறுநாள் மகளிர் குழுக் கூட்டத்தில், ஆசிரியர் கையெழுத்துப் போட்டது என்று சொல்லி முழு விலைக்கே தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து குழுவில் கடன் தவணை வசூலாகும்போது நாவல் தவணையும் சேர்ந்து வசூலாகிறது. வாரம் முப்பது ரூபாய், ஐந்து வாரம். நான் வாட்ஸ்அப்பில் கத்தியதைவிட இது பல மடங்கு பலன் தந்தது.

தவணை கட்டி வாங்கியவர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு: படித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா வாசலிலேயே நின்று கேட்டார், "ஏங்கண்ணா, அந்த மாமியாக்காரியைப் பாதியிலேயே சாகடிச்சுட்டீங்க? மருமக அப்புறந்தான் நல்லா இருக்கா!"

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்து எழுதினான்? எத்தனாவது பக்கத்துல சாகறேன் நான்?"

"வாங்கிப் பாருங்க அத்தை. நூத்தம்பது ரூபா. உங்களுக்கும் தவணை உண்டு."