ஆறு மணிக்கு வந்த சிவப்பு

2024 ஜூலை 30. பொழுது விடியுமுன்னே வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போய்விட்டன. மழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தது காலை ஆறு மணிக்கு. அதுவரை ஆரஞ்சுதான். நாம் சொல்லவில்லை, கேரள முதல்வர் பினராயி விஜயனே சொன்னார். பாலம் போய், வீடுகள் போய், தெருவே போன பிறகு, அத்தெருவாசிகளுக்கு ஆபத்து இருப்பதாக அரசாங்கம் முறைப்படி அறிவித்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா எழுந்தார். ஏழு நாள் முன்பே எச்சரித்தோம் என்றார். ஜூலை 23, 24, 25, 26 என்று தேதிகளை வாசித்தார். திருவனந்தபுரம் சும்மா இருக்குமா? நீங்கள் சொன்ன மழை 115 முதல் 204 மில்லிமீட்டர், பெய்தது 48 மணி நேரத்தில் 572 என்றது. மீட்புப் படையினர் சேற்றில் உடல்களைத் தேடினார்கள். இரண்டு அரசுகளும் கோப்புகளில் தேதிகளைத் தேடின. கோப்புகள் உடனே கிடைத்தன.

இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் வயநாட்டுக்குத் தந்த நிறம் இன்னும் அழகு. பச்சை! இதுவும் முதல்வர் சொன்னதே. கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரிக்கு முறையான அறிக்கை. வயநாட்டுக்கு வெறும் சோதனை. சோதனை எலிகளுக்கு அது தெரியாது.

மலையில் மழையைக் கணிப்பது கடினம். ஒப்புக்கொள்வோம். அதற்காக வானிலைக்காரர்களைத் திட்டினால் நாமும் அரசியல்வாதி ஆகிவிடுவோம். கோபம் வேறு இடத்தில். வயநாட்டின் பரப்பு சுமார் 2,130 சதுர கிலோமீட்டர். மேற்கு விளிம்பில் லக்கிடி, கேரளத்தில் மழை கொட்டித் தீர்க்கும் ஊர்களில் ஒன்று. கிழக்கே புல்பள்ளி, மழைக்கு ஏங்கும் பூமி. இரண்டுக்கும் ஒரே நிறம் பூசி 'ஓரிரு இடங்களில் மிகக் கனமழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அந்த ஓரிரு இடம் எது? ஓடையோரத்து லயத்தில் தூங்கும் தோட்டத் தொழிலாளி தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உயிர் பிழைத்தால்.

கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். வயநாட்டிலேயே இயங்கும் ஹியூம் சூழலியல் மையம், மாவட்டமெங்கும் சாதாரண மக்களின் கையில் மழைமானிகளைக் கொடுத்து அன்றாடம் அளந்துவந்தது. நிலச்சரிவு வரலாம் என்று ஜூலை 29 அன்றே மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னது. கோடிகளில் செயற்கைக்கோள் வைத்திருந்தவர்களுக்குப் புரியாதது, வீட்டு முற்றத்து மழைமானிக்குப் புரிந்தது. அந்த எச்சரிக்கைக்கு நிறம் இல்லை. முத்திரையும் இல்லை. மலைச்சரிவு காலியாகவில்லை. ஆக, ஒருவர் சொன்னதாகச் சொல்கிறார், ஒருவர் சொல்லவில்லை என்கிறார், உண்மையிலேயே சொன்னவரைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறத்தாழ 300 பேர்.

அந்தச் சரிவு புதிதாகவும் விழவில்லை. 1984-இல் முண்டக்கை விழுந்தது. 2019-இல் பக்கத்துப் புத்துமலையில் 17 பேர் போனார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க வேண்டும் என்று மாதவ் காட்கில் குழு 2011-இலேயே எழுதிக் கொடுத்தது. அது கசந்தது. இன்னொரு குழு போட்டார்கள். அதுவும் கசந்தது. வரைவு அறிவிக்கை மேல் வரைவு அறிவிக்கையாக விட்டு, ஆறாவது வரைவை மத்திய அரசு வெளியிட்ட தேதி தெரியுமா? 2024 ஜூலை 31. பிணங்கள் இன்னும் சாலியாற்றில் மிதந்துகொண்டிருந்தன. ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளில் தெரிவிக்கலாம் என்று அதில் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

ஆண்டு முடிவதற்குள் டெல்லியிலிருந்து கேரளத்துக்கு ஒரு பில் போயிற்று. 2018 வெள்ளத்துக்கும் வயநாட்டுக்கும் பறந்த விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கான செலவும் சேர்ந்து 132 கோடி ரூபாய்க்கு மேல். எந்த ஊரில் எவ்வளவு மழை கொட்டும் என்று சொல்ல முடியாத சர்க்காருக்கு, எந்த நாளில் எந்த ஹெலிகாப்டருக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்ல முடிந்தது.