வழியிலதானே இருக்கு!

"கோட்டைக்குத்தானே? அப்படியே போற வழியில சிங்கவரம் பெருமாளைப் பார்த்துட்டுப் போயிடலாம்டா. வழியிலதானே இருக்கு."

செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே இருக்கிறது. திருவண்ணாமலை சாலையில் ஆட்டோ ஏறினால் சட்டைப் பையில் சில்லறை தேடி முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். சிங்கவரம் வடக்கே. இரண்டும் ஒரே வழி என்று சொல்ல பெரியப்பாவால்தான் முடியும். பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம், மூத்த அத்தானாக இருக்கலாம். ஆள் ஒன்றுதான்.

சிங்கவரத்தோடு நிற்குமா? பக்கத்தில் திருநாதர்குன்று. 24 சமணத் தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது பார்க்காமல் போவது மரியாதையா? அவ்வளவு தூரம் போனபின் மேல்மலையனூரில் சம்பந்தி வீட்டுக்கு ஒரு பத்திரிகை வைத்துவிட்டால் ஒரு வேலை முடியும். மேல்மலையனூரை மிதித்துவிட்டு அங்காளம்மனைக் கும்பிடாமல் திரும்பினால் குலத்துக்கு ஆகாது. திரும்பும் வழியில் மார்க்கெட் கமிட்டியில் நெல்லுக்குப் பணம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தால் போதும், "ரெண்டே நிமிசம்." கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது?

கோட்டைக்குக் கிளம்பும் வண்டியை நீங்கள் பார்க்க வேண்டும். காலடியில் ரிப்பேருக்குப் போகும் மிக்ஸி. மடியில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. பின்னால் யாரோ ஒரு பங்காளிக்குக் கொடுக்க வேண்டிய மல்லாட்டை மூட்டை. அதன் மேல் நீட் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டே வரும் சின்னவள். அவளையும் "போற வழியில" கோச்சிங்கில் இறக்கிவிட்டு, "வர்ற வழியில" ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அவள் மட்டும் உல்லாசப் பயணத்தில் பரீட்சை எழுதிவிட்டு வருவாள்.

எதிர்த்துக் கேட்டால் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார். "தேசிங்கு ராஜாவே போருக்குப் போறப்ப சிங்கவரம் போய் உத்தரவு கேட்டுட்டுத்தான்டா போனாரு." ஊரில் அப்படித்தான் கதை. போக வேண்டாம் என்று ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் அதே கதை சொல்கிறது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதப் போனவர் திரும்பவில்லை. அதைச் சொன்னால், "அதுக்குத்தான் சீக்கிரம் கிளம்பணும்கறேன்" என்பார்.

பெரியப்பாவுக்கு உண்மையான முன்னோடி தேசிங்கு இல்லை, சுல்பிகார் கான். ஔரங்கசீப் அனுப்பிய அந்தத் தளபதி 1690-ல் கோட்டையை முற்றுகையிட வந்து, 1698-ல்தான் உள்ளே போனார். நடுவில் 1694-ல் முற்றுகையை அப்படியே வைத்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் கப்பம் வாங்கப் போனார். செஞ்சிக்கு வந்தவருக்குத் தஞ்சாவூர் வழியில் இருந்திருக்கிறது!

நாள் குறிப்பது இன்னொரு கூத்து. வெள்ளிக்கிழமை சந்தை, ஆகாது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் ஊஞ்சலுக்குப் போகும் கூட்டம். பௌர்ணமி என்றால் கிரிவலம் போகும் கூட்டம். ரோட்டில் கால் வைக்க முடியாது. புரட்டாசி சனி பெருமாளுக்கு. ஞாயிறு டெஸ்ட். சித்திரையில் பாறை தோசைக்கல்லாகக் காயும். ஐப்பசி கார்த்திகையில் மழை, வழுக்கும். மிச்சம் காணும் பொங்கல் ஒன்றுதான். அன்றைக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கோட்டையில்தான் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மனிதர் பேனாவை எடுத்துத் திட்டம் போடாவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போக மாட்டோம்; ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலையில் கிடப்போம். கோடையில் பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தி, குலையைத் தட்டிப் பார்த்து, "இது முத்தல், அதைச் சீவு" என்று நுங்குக்காரரையே வேலை வாங்குவார். பிஞ்சு நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி முதலில் சின்னவள் வாயில்தான் வைப்பார். ஆவணியில் சாலையோரக் கூடையில் சீத்தாப்பழம் பொறுக்கும்போது, எந்தப் பழம் நாளைக்குக் கனியும், எது நாளன்றைக்கு என்று பிரித்து வாங்குவார். அதிலெல்லாம் அவரை அடிக்க ஆளில்லை.

ஆனால் பெரியம்மா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போதெல்லாம் எதிரே கோட்டையின் ராஜகிரி மலை நிற்கிறது. ஏறக்குறைய 800 அடி. ஒரு தடவைகூட ஏறியதில்லை. கோட்டைக்குப் போகும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுகிறவர் அவர். வழியிலிருக்கும் சம்பந்தி வீட்டில், "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறவரும் அவர். வண்டி ஒருவழியாகக் கோட்டைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதற்குமேல் உச்சிக்கு ஏற விட மாட்டார்கள். பிள்ளைகள் கல்யாண மகாலைச் சுற்றி ஓட, இவர் மரத்தடியில் பைகளைக் குரங்கிடமிருந்து காத்துக்கொண்டிருப்பார். "அடுத்த தடவை நிச்சயம் ஏறிடலாம்மா" என்பார் பெரியப்பா.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி மட்டும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரியம்மாவுக்கு இப்போது முட்டி வலி தொடங்கிவிட்டது.

எனவே பெரியப்பா, தை மாதம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மிக்ஸியை நீங்களே சைக்கிளில் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டைக் கடையில் கட்டச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் பெரியம்மாவைக் கோட்டை வாசலில் இறக்குங்கள், கையில் ஒரு பையும் இல்லாமல். படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலையே கிடையாது.