துரித போஜனம்

ஆபிரிக்காவில் ஜனித்து, 1952இல் இலங்கைக்கு வந்து, இரணைமடுவில் குடியேறி, யப்பான் மீன் என்று நாமகரணமும் பெற்ற திலாப்பியா, இப்போது மெக்சிக்கோ வேஷந் தரித்து டாக்கோவாக அவதரிப்பதை, வன்னியின் சர்வதேச அபிவிருத்தியென்றே நான் மனமார வரவேற்கிறேன். வேலைநாள் இராப்போஜனத்துக்கு அரைமணி நேரமே போதுமென்று கைத்தொலைபேசி உபதேசிக்கிறது. சோளன் மாவைத் தேடிக் கிளிநொச்சிச் சந்தையைப் பிரதட்சிணம் செய்வதும், மலைநாட்டு ஆனைக்கொய்யாவுக்காக வவுனியாவுக்கு பஸ் ஏறுவதும், அது கனியும்வரை பொறுமையோடு காத்திருப்பதும் அக்கணக்கில் சேரா. அவை யாத்திரையும் தவமுமேயன்றிச் சமையல் ஆகா. இவ்விதம் திங்களன்று ஆரம்பித்த துரித உணவு, வியாழனிரவு சர்வ அலங்காரத்துடன் மேசையேறியபோது, பிள்ளைகள் அம்மம்மா சுட்ட ரொட்டிக்குள் பொரித்த யப்பான் மீனையும் சம்பலையும் வைத்து மடித்துத் தின்றுவிட்டு உறங்கிப் போயிருந்தார்கள்.