எஃப்12 விசையின் மாத்திரை: விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏற்றுதல் குறித்து ஒரு பல்லடம் வட்டார ஆய்வு

இத்துறையில் இதற்கு முன் ஆய்வெதுவும் நிகழவில்லை. நான் தேடிப் பார்க்கவில்லை; ஆனால் நம் ஆய்வேடுகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆய்வெல்லை: வடக்கே அருள்புரம், மேற்கே காரணம்பேட்டை, கிழக்கே பொங்கலூர், தெற்கே உடுமலை ரோட்டில் என் வண்டிக்குப் பெட்ரோல் தீர்ந்த இடம். பென்டிரைவ் இரவல் கேட்டு நான் அலைந்த தூரம் இவ்வளவே.

முதன்மைத் தரவு ஒரு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில், எல்காட் கொள்முதல் செய்து பிள்ளைகளுக்கு விலையில்லாமல் தந்தவற்றுள் ஒன்று. அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கி வந்தாள். விண்டோஸ் 7 ஒருபுறம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறம் என இரட்டைக் குடித்தனமாக வந்தது. பாஸ் ஒரே ஒருமுறை, தவறுதலாகத் திறக்கப்பட்டது (அக்கா மகள், வாய்மொழி). இப்போது மச்சானின் தறிக்குடோனில், பஞ்சு படிந்த மேசையில், காடாத் துணிக்குப் பில் போடுகிறது.

இடையில் விண்டோஸ் 10-க்கு மாறியிருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. "பழசுல கணக்கு வச்சுக்காதீங்க" என்று யாரோ மச்சானிடம் ஓதிவிட்டார்கள். 2021-இல் வந்த விண்டோஸ் 11-ஓ 4 ஜிபி ராம் கேட்கிறது, செக்யூர் பூட் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாக இருக்கவேண்டுமாம். எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட மூன்று தலைமுறைக்கு மேல் விசாரிப்பதில்லை. நம் கருவி இரண்டாம் தலைமுறை. அடுத்த அறையில் நாடா அடித்துக்கொண்டிருக்கும் தறி மச்சானைவிட மூத்தது. எந்தப் பாவு நூலும் அதைப் பார்த்து "உனக்குத் தகுதியில்லை" என்று இதுவரை சொன்னதில்லை.

இனி உறுப்புகள். பென்டிரைவ்: 8 ஜிபி, காணாமற்போகும் இயல்பினது. சார்ஜர்: கழற்றலாகாது. மின்தடை: வரும். ரூஃபஸ்: பென்டிரைவில் விண்டோஸை எழுதித் தரும் இலவச மென்பொருள். ராம், டிபிஎம், செக்யூர் பூட் விசாரணைகளை நீக்கவா என்று அதுவே கேட்கிறது. ஒரு டிக்கில் சம்பந்தம் முடிகிறது. ஆனால் 24எச்2 என்னும் பதிப்பு முதல், பாப்சிஎன்டி என்ற கட்டளை தெரியாத பிராசஸரில் விண்டோஸ் 11 எழவே எழாது. ஓர் எண்ணுக்குள் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதே அக்கட்டளையின் வேலை. கோர் 2 டுவோவுக்கு அது வராது. நம்முடையது எண்ணிவிடும்.

எஞ்சியது எஃப்12. கணினி உயிர்த்ததும், தயாரித்தவர் பெயர் திரையில் மின்னும் ஓரிரு நொடிக்குள் இவ்விசையை அழுத்தினால்தான் அது பென்டிரைவிலிருந்து எழும். தவறினால் பழைய விண்டோஸே வந்து கும்பிடு போடும். எவ்வளவு நேரம் அழுத்துவது? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றார் தொல்காப்பியர். அதன்படி குற்றழுத்தம் ஒரு மாத்திரை, நெட்டழுத்தம் இரண்டு, விரல் வலிக்கும்வரை அமுக்கிக்கொண்டிருப்பது அளபெடை. மூன்றையும் முயன்றேன். மூன்று முறையும் கும்பிடுதான்.

கருத்து வேறுபாடு இங்கே தொடங்குகிறது. "டொக்கு டொக்குன்னு விடாம தட்டுங்ணா" என்பது தட்டற் கொள்கை (செல்போன் கடைத் தம்பி, பல்லடம், கல்லாவுக்குப் பின்புறம்). "புடிச்சுட்டே இருங்ணா" என்பது பிடித்தற் கொள்கை (அவரே, டீக்குப் பின், முற்கூற்றை மறுத்து). விசையே அது இல்லை என்பது மூன்றாவது (அவருடைய பெரியப்பா, கோழிப்பண்ணையிலிருந்து கைபேசியுரை. நடுவில் ஒன்றரை வரி கோழிச் சத்தத்தால் சிதைந்தது. 'எப்டூ' என்பதே பாடம், 'எப்படியோ' என்பாரும் உளர்). நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் பவர் பட்டனை எஃப்12-உடனும் எஃப்12-ஐச் சார்ஜருடனும் கொண்டுகூட்டி, எல்லாம் சரிதான் என்று முடித்திருப்பார். இந்தப் பாடபேதத்துக்கே ஒரு முனைவர் பட்டம் தரலாம். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தந்திருக்கிறார்கள். கட்டணம் கட்டினால் நாலே நாளில் அச்சேற்றும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு இப்பகுதியை அனுப்பினேன். எஃப்12 சங்க காலமா, சங்கம் மருவிய காலமா என்று கேட்டு ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் ஜிபே எண்.

ஏழாம் முயற்சியில் ஒன்று கவனித்தேன். எஃப்12-ஐத் தொடும்போதெல்லாம் திரையோரம் ஒரு விமானப் படம் வந்துபோனது. இதற்கு உரையெழுத உட்கார்ந்தபோது அக்கா மகள் உள்ளே வந்தாள்.

"மாமா, பக்கத்துல எஃப்என்-னு ஒண்ணு இருக்குது பாருங்க. அதையும் சேத்து அமுக்கோணும். சும்மா அமுக்குனா வைஃபைதான் ஆஃப் ஆகும்."

ஆக, எஃப்12 முதலெழுத்து அன்று. குற்றியலுகரம் போல, இன்னொன்றைச் சார்ந்தே வரும் சார்பெழுத்து. மூன்று கொள்கைகளும் இத்துடன் வீழ்ந்தன. (தம்பிக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.)

விண்டோஸ் 11 ஏறிவிட்டது. தகுதியில்லாத கணினிக்கு இற்றைகள் வருமென்று உறுதியில்லை என மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. எழுந்து நிற்க நாலு நிமிடம் ஆகிறது. அதற்குள் தறியில் ஒரு தார்க்குச்சி தீர்ந்து, அடுத்தது மாட்டியாகிறது. பில் வருகிறது, மச்சானுக்கு அது போதும்.

காடா நூல் கட்டிய நீலநிற 8 ஜிபி பென்டிரைவைத் தறிக்குடோன் மேசையிலிருந்து எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது தம்பியுடையது.