கஷாயக் கேள்விகள்

கொரோனா வந்ததும் படித்தவர், பாமரர் எல்லோரும் கஷாயத்தைத் தேடி ஓடினார்களே, ஏன்?
*– வாசகர், திருச்சி*

ஓடுவதற்கு வேறு இடம் இல்லை. 2020 மார்ச்சில் காதில் விழுந்ததெல்லாம் போகாதே, தொடாதே, கூடாதே. தடுப்பூசி வந்ததோ 2021 ஜனவரியில். அத்தனை மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாரால் முடியும்? ‘இதைச் செய்’ என்று சொன்னது அடுக்களை ஒன்றுதான். அஞ்சறைப்பெட்டியில் மிளகு, கொல்லையில் துளசி. காசும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். பெற்ற பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டுமென்ற தவிப்புதான் பாதி வீடுகளில் கொதித்தது. அதைக் கேலி பேச எனக்கு மனம் வராது.

அரசே கொடுத்ததால் வந்த நம்பிக்கைதானே அது?
*– வாசகி, நாமக்கல்*

அதுவும் உண்டு. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர் வாங்கிக் குடித்துப் பழகிய ஊர் இது. 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கியம்’ திட்டம் வந்தபோது கபசுரக் குடிநீர் தெருமுனைக்கே வந்துவிட்டது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில் என்று 15 சரக்கு. ஒரு வாய் குடித்துவிட்டுக் குழந்தை முகத்தைச் சுளிக்கும். அம்மா கையில் வெல்லக்கட்டி தயாராக இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தொற்று கண்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது பெரும்பாடு படுத்தாமல் தானாகவே போனது. தேறியவர் கடைசியாகக் குடித்தது எதுவோ, பெயர் அதற்குப் போய்விட்டது. தேறாதவர் வந்து சாட்சி சொல்லவில்லை.

இயற்கை என்றால் கெடுதல் கிடையாதே?
*– வாசகர், திண்டுக்கல்*

ஊமத்தையும் இயற்கைதான். 2020 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தில் டிக்டாக் வீடியோவை நம்பி அதைக் குடித்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த முள்ளுக்காய் படத்தில் பார்த்த கிருமி போலவே இருக்கிறதாம், அதனால் அதுவே மருந்தாம்! அதிமதுரம் நல்ல சரக்குதான். ஆனால் அளவுக்கு மீறி நாள்கணக்கில் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

ஆவி பிடித்தால் கிருமி சாகுமா?
*– வாசகி, தஞ்சாவூர்*

சாகாது. மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடவே விடாதீர்கள்.

அப்படியானால் மூலிகைக்கும் அறிவியலுக்கும் ஆகாதா?
*– வாசகர், மதுரை*

நன்றாகவே ஆகும். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழஞ்சுவடிகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு நூலொன்றில், மாசிபத்திரி வகைச் செடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை. சூட்டில் சத்து கெடுகிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் சாரம் எடுத்தார். எலியில், குரங்கில் சோதித்து, முதலில் தானும் சகாக்களும் சாப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். 2015-இல் நோபல் பரிசு.

அதே செடியை வைத்து மடகாஸ்கர் அதிபர் 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு ஒரு பானத்தை அறிமுகப்படுத்தினார். ஒழுங்கான சோதனை எதுவும் முடிந்திருக்கவில்லை. பாட்டில்கள் மட்டும் பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்விட்டன. செடி ஒன்றுதான். நடுவே இருந்த சோதனை இல்லாமல் போனதே எனக்கு வருத்தம்.

காய்ச்சல் அடித்தாலும் கஷாயம் போதும் என்கிறார் மாமியார். எப்படிப் புரியவைப்பது?
*– வாசகி, ஈரோடு*

டம்ளரைப் பிடுங்காதீர்கள் அம்மா. நீங்களே சுக்கைத் தட்டிப் போட்டுக் கொடுங்கள். கூடவே தெர்மாமீட்டரும் ஆக்சிமீட்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். என்ன கஷாயம், எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டு விழுமென்று பயந்து பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதுதான் பெரிய ஆபத்து.